மேனேஜருக்குப் பசி

அலாரம் அடிக்கும் முன்பே எழுந்துவிட்டான். பல் தேய்த்தான். முகம் கழுவினான். கம்பெனிப் பெயர் தைத்த சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து இஸ்திரி போட்டான். ஹாலுக்கு வந்து மீன்தொட்டியின் விளக்கைப் போட்டான்.

மீன்கள் கண்ணாடிக்கு வந்தன.

டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை போட்டான். மூடினான். டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தான். மனைவி இறந்த பிறகு தினமும் இதே வரிசைதான். வரிசை மாறினால் நடுவில் நின்றுவிடுவோம் என்று அவனுக்கு ஒரு பயம்.

இன்று வரிசை மாறியது. மேனேஜர் நேராக வரவில்லை. சாய்ந்து வந்தது.

மேனேஜர் என்பது தொட்டியிலேயே பெரிய மீன். ஆரஞ்சு நிறத் தங்கமீன். பெயர் வைத்தது அவள். பல் கிளினிக் ஒன்றில் வரவேற்பில் வேலை பார்த்தாள். அங்கே மேனேஜர் ஒருவர் இருந்தார். 'ஒரு வேலையும் செய்யமாட்டார். வந்து கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்னு வாயைத் திறந்து திறந்து மூடுவார். கண்ணு மட்டும் எல்லார் டிபன் டப்பா மேலயும் இருக்கும்' என்பாள். கிளினிக்கை இடித்துக் கட்டியபோது அங்கே இருந்த தொட்டி குப்பைக்குப் போக இருந்தது. அவள் அதை ஆட்டோவில் ஏற்றி, மடியில் ஒரு வாளி மீனோடு வீடு வந்து சேர்ந்தாள். வாடகை வீடு. இரண்டாவது மாடி. 'லிப்ட் இல்லாத வீட்டுல லிப்ட் ரிப்பேர்காரருக்கு இது நல்ல உடற்பயிற்சி' என்று அவனையே தூக்க வைத்தாள்.

இப்போது அந்தத் தொட்டியின் தண்ணீர் அரிசி கழுவியதுபோல் வெளுத்திருந்தது. மேனேஜர் வயிறு உப்பி, வால் மேலே தூக்கி, ஒரு பக்கமாக மிதந்தது. மிதந்தபடியே வாயைத் திறந்து திறந்து மூடியது.

"மாப்பிள்ளை, இன்னிக்குச் சனிக்கிழமை" என்றாள் அத்தை, சமையலறை வாசலிலிருந்து.

போன வாரம் வீட்டுக்காரர் மாடியேறி வந்திருந்தார். கீழ்வீட்டில் அவர் கட்டிலுக்கு நேர்மேலே கூரையில் ஈரம் பூத்திருக்கிறது. அதற்கு நேர்மேலே இந்தத் தொட்டி. "தொட்டி இருக்கணுமா, நீங்க இருக்கணுமா? சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க தம்பி" என்று விட்டுப் போயிருந்தார்.

"தெரியும்" என்றான்.

"அந்த மனுஷன் வந்து நிப்பாரு."

"நிக்கட்டும்."

"நிக்கட்டும்னா? வீடு மாத்தறது சட்டை மாத்தற மாதிரியா? இந்த வாடகைக்கு, இந்தக் காத்துக்கு, வேற வீடு யார் வச்சுக்கிட்டுக் காத்திருக்கா?"

அத்தை ஒரு பெண்கள் விடுதியின் சமையலறையை மேற்பார்த்து ஓய்வுபெற்றவள். எந்த வாக்கியத்தையும் கடைசி வரிசைப் பெண்ணுக்கும் கேட்கும்படிதான் சொல்வாள். மாமா பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகும் யார் எழுந்தாலும், உட்கார்ந்தாலும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். இப்போதும் பார்த்தார்.

"தண்ணி வேற ஒரு மாதிரி இருக்கே" என்றார்.

"அதான் நானும் சொல்றேன்" என்றாள் அத்தை. "எல்லாம் செத்து மிதக்கறதுக்குள்ள யாருக்காவது குடுத்துட்டா புண்ணியமாப் போகும்."

"குடுக்கமாட்டேன்."

"ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறீங்க? அவளே சொல்லிட்டுத்தான் போனா."

இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"என்ன சொன்னா?"

"ஆஸ்பத்திரி லிப்ட்ல வச்சு. 'அந்தத் தொட்டியை யாருக்காவது குடுத்துடச் சொல்லுமா, அவரால பாத்துக்க முடியாது'ன்னு."

"இத்தனை நாள் இதைச் சொல்லலையே."

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான்."

மாமா மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

அவன் காபியைத் தொடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். கதவு அவனுக்குப் பின்னால் எவ்வளவு சத்தமாகச் சாத்திக்கொண்டது என்று மூன்று வீட்டாராவது எட்டிப்பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

*

சின்ன ஆபரேஷன் என்றுதான் சொன்னார்கள். வயிற்றுவலி. அன்று காலையில் சேர்த்தார்கள். மேல்மாடிக்குக் கொண்டுபோக ஸ்ட்ரெச்சரை லிப்ட்டுக்குள் தள்ளினார்கள். "கூட ஒருத்தர்தான்" என்றார் தள்ளியவர். அவன் ஒரு காலை எடுத்து வைப்பதற்குள் அத்தை உள்ளே போய்விட்டாள். கதவு மூடியது.

நாள் முழுக்க லிப்ட்டுக்குள் நிற்பதே தொழில். அந்த ஒரு லிப்ட்டுக்கு மட்டும் அவன் வெளியே நின்றான்.

மயக்கத்திலிருந்து அவள் எழுந்திருக்கவில்லை.

ஆக, அவள் கடைசியாகப் பேசியது லிப்ட்டுக்குள். கேட்டது அத்தை. கடைசி வார்த்தைகளுக்கு அத்தைதான் ஒரே வாரிசு.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். கடைசியா என்ன சொன்னா? 'அவரைத் தனியா விடாதீங்கம்மா'ன்னு சொன்னா, என்றாள் அத்தை. வந்தவர்கள் அழுதார்கள். அவனும் அதைப் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொள்ள வேறெதுவும் இருக்கவில்லை. அந்த வார்த்தையின் பலத்தில் அத்தையும் மாமாவும் பெட்டியோடு வந்தார்கள், தங்கினார்கள்.

பிறகு வார்த்தைகள் வளர்ந்தன. ஊரிலிருந்து போன் வந்தால், 'எனக்குப் பயமே இல்லம்மா'ன்னு சொன்னா. அவன் வெளியே சாப்பிட்டுவிட்டு வந்தால், 'கண்ட இடத்துல சாப்பிட விடாதீங்க'ன்னு சொன்னா. ஹால் திரையைக் கழற்றி வெளிர்நிறத் திரை போட்ட அன்று, 'வீட்டை இருட்டா வச்சுக்காதீங்க'ன்னு சொன்னா. சாமான் இடம் மாறும்போதெல்லாம் செத்தவள் ஒரு வாக்கியம் பேசினாள்.

அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற இடம் மரத்துப்போயிருந்தது.

இன்று காலை அது மரப்பு விட்டது.

*

ஒரு அலுவலகக் கட்டடம். லிப்ட் கதவு மூடாமல் கத்துகிறது என்று புகார். போய் நின்றபோது உள்ளே ஆட்கள் நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். மணி விடாமல் அலறியது.

"கடைசியா ஏறினவர் இறங்குங்க சார்."

"நான் ஏன் இறங்கணும்? எலும்பும் தோலுமா இருக்கேன், என்னாலயா கத்துது? மூலையில நிக்கிறாரே, அவரைக் கேளுங்க!"

"யோவ், நான் முதல்லயே ஏறிட்டேன்யா!"

"முதல்ல ஏறினா எடை குறைஞ்சிடுமா?"

"யாராவது ஒருத்தர் இறங்குங்க!" என்று அவன் போட்ட சத்தத்தில் மொத்தப் பேரும் இறங்கிவிட்டார்கள். காவலாளி அவன் பக்கமாக வந்து, "என்ன சார், வீட்டுல ஏதாவதா?" என்றார் மெல்ல.

உள்ளே ஏறிக் கதவை மூடினான். பழுது பெரிதாக இல்லை. எடை உணரும் கருவி விலகியிருந்தது. சரிசெய்தான். ஒருமுறை காலியாக ஓட்டிப் பார்க்கவேண்டும். தரைத்தளத்திலிருந்து இரண்டாவது மாடிக்குப் பொத்தானை அழுத்தினான்.

அந்த ஆஸ்பத்திரி லிப்ட்டும் இதே வகைதான். அங்கேயும் இரண்டே மாடிதான். அவனுக்குத் தெரியும், பழுதுக்காக இரண்டு தடவை போயிருக்கிறான்.

லிப்ட் நகர்ந்தது. அவன் வாய்விட்டுச் சொன்னான்.

"அவரைத் தனியா விடாதீங்கம்மா. எனக்குப் பயமே இல்லம்மா. கண்ட இடத்துல சாப்பிட விடாதீங்க. வீட்டை இருட்டா..."

கதவு திறந்துவிட்டது. வெளியே கோப்புகளோடு ஒரு பெண் நின்றிருந்தாள். அவனைப் பார்த்தாள். உள்ளே வேறு யாருமில்லை என்பதையும் பார்த்தாள்.

"நான் படியிலயே போய்க்கறேன்" என்றாள்.

மறுபடி கீழே வந்தான். மறுபடி ஓட்டினான். இந்தத் தடவை மூச்சுவிடாமல் சொல்லிப் பார்த்தான். வலியில் இருப்பவள் இப்படிப் பேசியிருக்கமாட்டாள். ஏலம் போடுகிறவன்கூட இப்படிப் பேசமாட்டான். அப்படியும் தொட்டியைப் பற்றிய வாக்கியத்துக்கு இடம் கிடைக்கவில்லை. தொட்டி வருவதற்குள் கதவு திறந்துவிட்டது.

கருவிப்பையை எடுத்துக்கொண்டான். அலுவலகத்துக்குப் போன் போட்டு, அரை நாள் விடுப்பு என்றான். ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான்.

*

வழியெல்லாம் அத்தையிடம் கேட்கவேண்டிய கேள்வியைக் கூர் தீட்டிக்கொண்டே வந்தான். கதவைத் திறந்தபோது மாமா தொட்டியின் முன் குனிந்து நின்றிருந்தார். ஒரு கையில் டப்பா. மறு கை தண்ணீருக்கு மேலே, விரல் தேய்த்துத் தூவிக்கொண்டிருந்தது.

"மாமா!"

மாமா துள்ளி விழுந்தார். டப்பா கைதவறி, பாதித் தீனி தண்ணீரில் கொட்டியது.

"என்ன பண்றீங்க?"

"பாவம் மாப்பிள்ளை. காலையிலேர்ந்து யாரும் போடல போலிருக்கு. எப்படித் தவிக்குது பாருங்க."

"நான் போட்டேன்! காலையில நான் போட்டேன்!"

"அப்படியா? நான் தினமும் மத்தியானம் ஒரு தடவை போடுவேன். டயம் தவறினதில்ல" என்றார் மாமா, கடிகாரத்தைக் காட்டி. குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்வதுபோல் இல்லை. பரிசு வாங்கப்போவதுபோல் இருந்தது.

"தினமுமா?"

"எம் பொண்ணு வளத்த மீனு. நான் வேற என்ன பண்றது இந்த வீட்டுல? நீங்க ஆபீஸ் போயிடறீங்க. அவ சமைக்கிறா. நான் இதுங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

சமையலறையிலிருந்து அத்தை கைதுடைத்துக்கொண்டு வந்தாள். "எதுக்கு அவரைப் போட்டு இந்த விரட்டு விரட்டறீங்க? வாயத் திறக்கிற ஜீவனுக்குப் போட்டா தப்பா? நானும்தான் போட்டேன், சாம்பார் கொதிக்கிறப்ப."

"நீங்களுமா?"

"பின்ன? விடுதியில முன்னூறு பொண்ணுங்க. ஒருத்தி பசின்னு படுத்ததில்ல. ராத்திரியும் ஒரு கை போட்டுட்டுத்தான் படுப்பேன்."

"ராத்திரி நானும் போடறேனே அத்தை!"

மூவரும் தொட்டியைப் பார்த்தார்கள். மேனேஜர் மல்லாந்தவாக்கில் மிதந்தபடி, கொட்டிய தீனியை நோக்கி வாயைத் திறந்து திறந்து மூடியது.

"கொன்னுட்டீங்க" என்றான். குரல் உடைந்து பெரிதானது. "மூணு பேரும் சேர்ந்து கொன்னுட்டோம். எவனாவது வாய்விட்டுச் சொன்னோமா? நான் போட்டுட்டேன், நீங்க போடாதீங்கன்னு ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை? இந்த வீட்டுல எல்லாரும் எல்லாத்தையும் பேசறோம்! திரையைப் பத்திப் பேசறோம், நான் எங்க திங்கறேன்னு பேசறோம்! இதைப் பேசினோமா?"

வாளியை இழுத்தான். ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி, வாளிக்குள் போட்டான். நாற்றத் தண்ணீர் இறங்கியது. மாமா ஓடிவந்து வாளியைப் பிடித்துக்கொண்டார். யாரும் பிடிக்கச் சொல்லவில்லை.

"கீழ வரைக்கும் சத்தம்!" என்று வாசலில் வீட்டுக்காரர் நின்றார். "சாயங்காலம் வரலாம்னு பாத்தேன். நீங்க விடமாட்டீங்க போல. என்ன தம்பி இது, என் தலைக்கு மேல இன்னும் தண்ணியா?"

"தண்ணி வாளியில இருக்கு. உங்க தலையில இல்ல."

"என் கூரைய வந்து பாருங்க!"

"என் தரைய வந்து பாருங்க!"

வீட்டுக்காரர் வந்தார். தொட்டியின் மேசைக்கு அடியில் குனிந்து உள்ளங்கையை வைத்துத் தேய்த்தார். நிமிர்ந்து கையைப் பார்த்தார். தூசிதான் இருந்தது. ஈரம் இல்லை. அப்படியென்றால் கீழே கசிவது எங்கிருந்து என்று அப்போது யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்காரர் கண்ணாடி வழியே மேனேஜரைப் பார்த்துவிட்டிருந்தார்.

"என்ன ஆச்சு இதுக்கு?"

"எல்லாரும் போட்டி போட்டுக்கிட்டுத் தீனி போட்டுட்டாங்க" என்றார் மாமா.

"அடடா." வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். சற்றுக் குரல் தாழ்ந்தது. "போன வாரம் வந்தப்ப நானும் ஒரு சிட்டிகை... நீங்க உள்ள போயிருந்தீங்க. ரொம்பப் பசியா இருக்கிற மாதிரி வந்துச்சு."

வேறொரு நாளாக இருந்தால் அவன் சிரித்திருப்பான். அவள் இருந்திருந்தால் வாரம் முழுக்கச் சிரித்திருப்பாள்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை" என்றாள் அத்தை. "அதான் அவ சொன்னா. உங்களால பாத்துக்க முடியாது, குடுத்துடச் சொல்லுன்னு..."

அவன் குழாயைக் கீழே போட்டான். தண்ணீர் தரையில் ஓடியது. ஒருவரும் அதைத் தடுக்கவில்லை.

"ரெண்டு மாடி அத்தை."

"என்ன?"

"அந்த லிப்ட்டு ரெண்டு மாடி ஏறுச்சு. நான் அதே மாதிரி லிப்ட்டை இன்னிக்கு ஓட்டினேன். நீங்க சொன்னதையெல்லாம் உள்ள நின்னு சொல்லிப் பாத்தேன். பைத்தியக்காரன் மாதிரி, வாய்விட்டு. அடங்கல. பாதிகூட அடங்கல."

அத்தை முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"வலியில இருந்தவ. மூச்சு வாங்கினவ. இவ்வளவும் எப்பப் பேசினா?"

"நான் பொய் சொல்றேன்னு சொல்றீங்களா?"

"ஆமா."

"எம் பொண்ணு விஷயத்துலயா?"

"எம் பொண்டாட்டி விஷயத்துல!"

வீட்டுக்காரர் ஒரு அடி பின்னால் போனார். போய்விடலாமா என்று யோசிப்பதும், போகாமல் நிற்பதும் முகத்தில் தெரிந்தது.

"அவ பேசினதுல எனக்கு இருக்கிறது அது ஒண்ணுதான் அத்தை" என்றான். இப்போது கத்தவில்லை. கத்தாததுதான் மாமாவைப் பயமுறுத்தியது. அவர் வாளியை இன்னும் கெட்டியாகப் பிடித்தார். "அதை வச்சுத் திரை வாங்கிட்டீங்க, சாப்பாடு மாத்திட்டீங்க. குடியே வந்துட்டீங்க. பரவாயில்ல. இருங்க. நான் போகச் சொல்லல. ஆனா அவ உண்மையில என்ன சொன்னான்னு சொல்லுங்க. ஒரு வார்த்தைன்னாலும் சரி."

"ஒண்ணுமில்ல."

"அத்தை."

"வேணாம் மாப்பிள்ளை, என்னைக் கேக்காதீங்க!" அத்தையின் குரல் விடுதியின் கடைசி வரிசைக்கும் அப்பால் போனது. "எல்லாரும் வந்து வந்து கேட்டாங்க. கடைசியா என்ன சொன்னா, கடைசியா என்ன சொன்னா. நான் என்னன்னு சொல்லுவேன்? பெத்தவ நான் பக்கத்துல நிக்கிறேன். கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அம்மான்னு ஒரு வார்த்தை கூப்பிடல அவ. என் மூஞ்சியப் பாக்கல. கதவையே பாத்துக்கிட்டு இருந்தா. நீங்க நின்ன கதவை. ஆபரேஷன் பண்ணிக்கிட்டு மறுநாள் வந்துடப்போற மாதிரி, கடைக்குப் போறவ சொல்லிட்டுப் போற மாதிரி... இதை நான் ஊருக்குச் சொல்லணுமா? எம் பொண்ணு கடைசியா இதைத்தான் பேசினான்னு?"

"என்ன பேசினா?" என்றார் மாமா. அவருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. முதல்தடவையாக அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"உங்ககிட்ட சொல்லச் சொன்னா. நான் சொல்லல." அத்தை அவனைப் பார்த்துத்தான் பேசினாள், ஆனால் கை தொட்டியின் கண்ணாடியில் இருந்தது. அந்தக் கைக்கு நேராக மேனேஜர் சாய்ந்து வந்து நின்றது. "அன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து நீங்க விளக்கைப் போட்டு, டப்பாவைத் திறந்தப்ப நான் இந்தச் சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தேன். அப்பவாவது சொல்லியிருக்கணும். வாய் வரல. அப்புறம் சொல்லவே முடியல. நீங்க போட்டீங்க. நானும் போட்டேன்."

தரையில் ஓடிய தண்ணீர் வாசல் வரை போய்விட்டது. வீட்டுக்காரர் செருப்பை நகர்த்தி வழிவிட்டார்.

"சொல்லுங்க அத்தை."

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு சொன்னாள். தன் குரலில் இல்லை. அவசரமாக, லேசாக, பாதிச் சிரிப்போடு பேசும் இன்னொருத்தியின் குரலில்.

"'மீனுக்குக் காலையிலயே போட்டுட்டேன். அவரைத் திரும்பப் போட வேணாம்னு சொல்லு. பசிக்கிற மாதிரி நடிக்கும், நம்பிடுவாரு.'"